ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்தவள்

தம்பி,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் நீ போன் செய்து, "நித்யா பிரசவத்துக்கு உங்ககிட்டயே வந்துரவான்னு கேக்குறாம்மா" என்றாய். நான் அதற்குப் பதில் சொல்லாமல் நம் பழைய காரைப் பற்றி என்னென்னவோ பேசிவிட்டு போனை உன் அப்பாவிடம் தள்ளிவிட்டேன். நீ குழம்பிப்போயிருப்பாய். தாய் இல்லாத பெண், பெற்றுப் பிழைக்க மாமியார் வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள். அந்த மாமியார் பிடி கொடுக்காமல் கார்புரேட்டர் கதை பேசுகிறாள் என்றால் அவள் மனதில் என்ன நினைப்பாள் என்று அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வரக்கூடாது என்று நான் பேச்சை மாற்றவில்லை. உனக்கும் அவளுக்கும் ஒரு விஷயம் தெரிய வேண்டும், அது தெரிந்த பிறகுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த விஷயம் எனக்கே காரால்தான் தெரியவந்தது. அதனால் காரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

உனக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட வாங்க மாட்டான்" என்று நீ சொல்லாத லீவு கிடையாது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் நான் மாட்டு டாக்டராக வேலை பார்த்த காலத்தில், பஸ் எட்டிப்பார்க்காத ஊருக்கெல்லாம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். கன்று போட முடியாமல் ஒரு பசு கிடக்கும், நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கே மல்லுக்கட்டுவேன், நீ பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். மாட்டுக்காரர் எதைச் சொல்லி வந்தாலும் நான் முதலில் கேட்பது "எப்ப இருந்து?" என்பதுதான். அடுத்து, காலையிலா சாயங்காலமா, தீனிக்கு முன்னாலா பின்னாலா. காருக்கும் அதையேதான் கேட்பேன். என்றைக்கிலிருந்து, குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, ஏற்றத்திலா, சும்மா நிற்கும்போதா. இதைக் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளக்கை மாற்று, பாயிண்டை மாற்று, பம்ப்பை மாற்று என்று மாற்றிக்கொண்டே போனால் என்றைக்காவது ஒருநாள் வண்டி சரியாகத்தான் செய்யும். எது கெட்டிருந்தது என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

நம் வீட்டில் வண்டி நோவுக்கு நமக்கென்று சில பெயர்கள் இருந்தன, நினைவிருக்கிறதா? பெட்ரோல் சரியாக வராமல் தூக்கித் தூக்கிப் போட்டால் அது விக்கல். காலையில் சோக்கை உள்ளே தள்ளியதும் கார்புரேட்டர் வழியாகப் புஸ்ஸென்று வெடித்தால் இருமல். மெக்கானிக் கடையில் மிஸ்ஸிங் என்பார்களே, ஒரு பிளக் மட்டும் நெருப்புப் பிடிக்காமல் எஞ்சின் நொண்டியடிப்பது, அதற்குப் பெயர் திக்கல். பெயரெல்லாம் உன் அப்பா வைத்தது. மனிதர் இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "டாக்டரம்மா, விக்குது" என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவார். பள்ளிக்கூட வாத்தியார், திக்குகிற பிள்ளைகளை வருஷக்கணக்கில் கேட்டுப் பழகிய காது அது.

டி. கல்லுப்பட்டிக்கு உன் சித்தப்பா கல்யாணத்துக்குப் போனபோது அந்த விக்கல் நம்மைப் படுத்திய பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். கொஞ்ச தூரம் ஓடும், விக்கும், நிற்கும். ஓரமாக நிறுத்தி வைத்தால் பிறகு ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். பட்டுச்சேலையோடு நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, போகிற வருகிற மாப்பிள்ளை வீட்டு வண்டியெல்லாம் நிறுத்தி ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். பம்ப் போச்சு என்றார் இன்னொருவர். உன் அப்பா எதையுமே கேட்காமல் பின்னால் போய், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தார். "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வண்டிக்கு முன்னால் நின்ற எனக்கு அது கேட்டது. மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது என்று மூடிக்கு அடியில் பாலித்தீன் காகிதத்தை மடித்து வைத்திருந்தது நீதான். காற்று போக வழியில்லாமல் டேங்க் மூச்சுமுட்டிப் போயிருக்கிறது. காகிதத்தை எடுத்தோம், தாலி கட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நான் மறுக்கவில்லை. அந்தச் சின்ன உஸ் எனக்குக் கேட்டது என்பதில் எனக்கு அம்புட்டுப் பெருமை.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு உன் அப்பா வழக்கம்போல் வண்டியைக் கழுவித் துடைத்தார். கழுவியதோடு விட்டாரா? பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு ஒரு பொட்டு, ஏர் ஃபில்டருக்கு ஒரு பொட்டு என்று சந்தனமும் குங்குமமும் குழைத்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். கூடத்தில் அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் நான் வைத்துக்கொண்டிருந்ததால் அவர் எங்கெங்கே வைத்தார் என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மழைக்காலம் தொடங்கியது. காலையில் உழவர் சந்தைக்கு வண்டியை எடுத்தால் இழுவை இல்லை. பாலம் ஏறுவதற்குள் செகண்ட் கியருக்கு வரவேண்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் பழையபடி ஓடும். இதிலே எனக்கு ஒரு சந்தோஷம் வேறு, வண்டி முன்னைவிட அமைதியாக ஓடுகிறதே என்று. புது ஆயில் மாற்றியிருந்தேன், அதனால்தான் எஞ்சின் பூப்போல இருக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். உன்னிடமும் போனில் பீற்றிக்கொண்டேன். "சத்தமே இல்லடா, அம்புட்டு சாஃப்ட்டா ஓடுது" என்று. பெட்ரோல் பங்க்கை மாற்றினேன், ஃபில்டரைத் தட்டிப் போட்டேன், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்பட்டேன். மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனது மத்தியானத்தில். அந்த நேரத்தில் வண்டி நல்ல பிள்ளையாக நின்றது. "நல்லாத்தானேம்மா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். எப்போதெல்லாம் வருகிறது என்று ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொடுத்தவள், ஈரமான காலையில் மட்டும் வருகிறது என்பதை என் கண்ணெதிரில் வைத்துக்கொண்டே கோட்டை விட்டேன்.

வளைகாப்பு முடிந்து நித்யா இங்கே தங்கியிருந்த வாரம்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அன்றைக்கு ஸ்கேனுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் தூறல் போட்டு விட்டிருந்தது. அவளைப் பார்த்து உட்காரவைத்து, சாவியைத் திருகினேன். ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டதோ என்று மறுபடியும் திருகினேன். சாவியைப் பிடித்திருந்த விரலில் வெடவெடவென்று ஒரு அதிர்வு. எதிர்வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நித்யா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தாள்.

"அத்தை, வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு."

ஓடுகிற எஞ்சினை மறுபடியும் ஸ்டார்ட் செய்தால் எப்படி அலறும் என்று உனக்குத் தெரியும். தெருவுக்கே கேட்ட அந்த அலறல் எனக்குக் கேட்கவில்லை. "ஞாபகப் பிசகு" என்று சிரித்துச் சமாளித்துவிட்டுக் கிளம்பினேன். ஆனையூர் தாண்டியதும் அவள் என் பக்கம் சாய்ந்து உரக்க, "அத்தை, வண்டி ரொம்பத் திக்குதே" என்றாள். நம் வீட்டுச் சொல்லை எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறாள். நான், "எங்கம்மா திக்குது, வெண்ணெய் மாதிரி போகுது" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு திடீரென்று கையை நீட்டி ஸ்டியரிங்கை ஓரமாக ஒடித்தாள். ஒரு டவுன் பஸ் எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்து வாயசைத்தார். அது ஹாரன் அடித்துக்கொண்டே வெகுநேரமாக எங்கள் பின்னால் வந்திருக்கிறது. வயிற்றில் உன் பிள்ளையைச் சுமந்துகொண்டு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தம்பி.

ஸ்கேன் அறையில் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். அங்கிருந்த டாக்டரம்மா அவள் வயிற்றில் கருவியை வைத்து ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நித்யாவின் கண் நிறைந்துவிட்டது. நர்ஸ்கூடத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். குழந்தையின் இதயத் துடிப்பு. எத்தனை கன்றுக்குட்டிகளின் துடிப்பைத் தாய் வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத் தேடிப் பிடித்திருப்பேன். என் பேரப்பிள்ளையுடையது அந்த அறை முழுக்க ஒலித்திருக்கிறது, எனக்கு ஏசி ஓடுகிற மாதிரி ஏதோ ஒரு இரைச்சல். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

"கேட்டுச்சா அத்தை?"

"கேட்டுச்சும்மா."

என் வாயிலிருந்து வந்துவிட்டது. வீட்டுக்கு ஆட்டோவில் போகலாம் என்று சொல்லி, காரை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் என் கையை விடவில்லை. நான் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் கடைக்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார். நித்யா சென்னைக்கு ரயிலேறிய மறுநாள் காலை, மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஷெட்டின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி இருட்டாக்கிக்கொண்டு, உன் அப்பாவை விட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சாவியைத் திருகுவதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது. நான் மட்கார்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கையில் திக்கல் தெரிந்தது. காது சொல்லாததைக் கை சொன்னது. குனிந்து பார்த்தால், கரண்டைப் பங்குபோட்டு ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புகிற கறுப்பு மூடியின் மேல் நீலநிறத்தில் பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வயரிலிருந்து இன்னொரு வயர்வரை உன் அப்பா வரிசையாகச் சந்தனம் தீட்டி, நடுநடுவே குங்குமம் வைத்திருக்கிறார். காய்ந்திருக்கும்போது அது சும்மா கிடக்கும். ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் பொட்டு வழியாகவே இறங்கி ஓடிவிடும். எஞ்சின் சூட்டில் காய்ந்ததும் மறுபடி வண்டி நல்லபடியாகிவிடும். அதனால்தான் மத்தியானத்தில் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நான் வச்ச பொட்டா?" என்றார் உன் அப்பா, பக்கத்தில் வந்து நின்று.

"நீங்க வச்ச பொட்டுதான். வண்டிக்கு இம்புட்டு அலங்காரம் பண்ணுனா அது எப்படி ஓடும்?"

வண்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து மாட்டினேன். மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். "நின்னுருச்சு டாக்டரம்மா, திக்கல் நின்னுருச்சு" என்று குழந்தை மாதிரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துடைப்பதற்கு முன்னால் எனக்கு எப்படிக் கேட்டதோ, துடைத்த பிறகும் அப்படியேதான் கேட்டது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வண்டி அமைதியாக ஓடவே இல்லை. நான்தான் கேட்காமல் போயிருக்கிறேன்.

அங்கேயே வண்டிப் படியில் உட்கார்ந்து, மாட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியை உன் அப்பாவிடம் கேட்டேன். "எப்ப இருந்துங்க?" அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். வெகுநாளாகவே என்றார். குக்கர் விசிலை எண்ணி அடுப்பை அணைப்பது அவர்தானாம். காலிங்பெல் அடித்தால் ஓடிப்போய்த் திறப்பது, நீ போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டு, நீ சொன்னதை ஏதோ தன் பேச்சு மாதிரி எனக்கு உரக்கத் திருப்பிச் சொல்வது எல்லாம் அதற்காகத்தானாம். வயதானதும் மனிதர் எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிறாரே, போனில்கூட என்னைப் பேசவிட மாட்டேன் என்கிறாரே என்று நான் அவரை எத்தனை தடவை கடித்துக் குதறியிருப்பேன். இன்னொரு பக்கம், என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார், வாழ்ந்து முடித்தவர்களுக்குள் பேச என்ன இருக்கிறது என்று சலித்தும்கொண்டேன். அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றால், "நீ கோவிச்சுக்கிருவ" என்றார். அவர் சொன்னது சரி. கோபித்திருப்பேன்.

காது டாக்டரிடம் போய்வந்தோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வயதால் வருவதுதான், இரண்டு காதிலும் நன்றாகவே குறைந்திருக்கிறது, காதில் மெஷின் வைத்தால் பெருமளவு கேட்கும், ஆனால் பழக நாளாகும் என்றார். அளவெடுத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டுத் தூங்கினால் பக்கத்தில் பிள்ளை வீறிட்டு அழுதாலும் எனக்குக் கேட்காது. இதுதான் நான் உன்னிடம் சொல்ல முடியாமல் கார்புரேட்டருக்குள் ஒளிந்துகொண்ட விஷயம். மெஷின் பழகி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். நீ கேட்காமலேயே சாவியை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். உன் சித்தியைப் பிரசவ நேரத்தில் வந்து கூட இருக்கச் சொல்லலாம். அப்பா அதே அறையில் படுத்துக்கொள்வார். இதெல்லாம் போதாது, நித்யா தன் அக்கா வீட்டுக்கே போகட்டும் என்று உனக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அந்த வருத்தத்துக்காகப் பிள்ளையை வைத்துச் சோதனை செய்யாதே.

அப்பனாகப் போகிறவன் என்பதால் உனக்கு ஒன்று சொல்கிறேன். அலறுகிற பிரச்சினையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நித்யா ஒருநாள் எதுவும் பேசாமல் வளைய வந்தால், வீடு அமைதியாக இருக்கிறது என்று என்னை மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்காதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து எப்போதிலிருந்து என்று கேள். நீயும் உன் அப்பாவைப் போல் எதையும் மென்று முழுங்குகிறவன். யார் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகு.

இவ்வளவும் எழுதிவிட்டு, உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. போனில் பேசினால் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் வாட்ஸ்அப்பில் எழுதினேன். எனக்குக் காது கேட்பதில்லை, ஸ்கேன் அறையில் கேட்டது என்று சொன்னது பொய், பிள்ளை அழுதால்கூட எனக்குத் தெரியாமல் போகலாம், யோசித்து முடிவு செய் என்று. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

"தெரியும் அத்தை. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன். எங்கம்மா இருந்து அவங்களுக்குக் காது கேக்கலைன்னா நான் வேற வீட்டுக்கா போயிருப்பேன்? துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். வாரேன்."

ஆகவே அவளை நல்லபடியாகக் கூட்டிக்கொண்டு வா. வந்ததும் வழக்கம்போல் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்காதே. இறங்கி உள்ளே வந்து, அம்மாவின் தோளைத் தொடு.